என் குடலும் ஒரு பூட்டிய சமையலறையும்

என் நோயைப் பற்றி எழுதும்படி பலர் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் இரண்டு பேர். ஒருவர் நான் வாராவாரம் நகைச்சுவைப் பத்தி எழுதும் இலவசப் பத்திரிகையின் ஆசிரியர். பக்கம் ஒன்று காலியாகக் கிடந்ததால் கேட்டார். மற்றவர் அதே கோளாறோடு ஆஸ்பத்திரியில் படுக்கவிருந்த ஒரு நண்பர். அவர் கேட்டது பயத்தில். ஆகவே இது அவருக்காக.

ஒரு சங்கடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருதயத்தில் கோளாறு என்றால் சபையில் மரியாதை இருக்கிறது. மூளையென்றால் இன்னும் அதிகம். எனக்கு வந்ததோ சிறுகுடல் அடைப்பு. நாலு நாட்கள் ஒரு மருத்துவரும், நாலைந்து தாதிமாரும், மனைவியும், பள்ளிக்கூடம் போகும் மகளும் நான் எப்போது காற்றுப் பிரிப்பேன் என்று காத்திருந்தார்கள். இதை நாகரிகமாக எழுதும் வழி எனக்குத் தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

அது ஒரு பெப்ரவரி மாதம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் டவுன்டவுனில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளத்தோடு புத்தகம் வாசிக்க இடம் தரும் தொழில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு புதன்கிழமை மாலை மேசைக்குப் பின்னால் இருந்து வாசித்துக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணி பிழிவதுபோல ஒரு வலி. முதல் நாள் தின்ற பருத்தித்துறை வடையின்மேல் பழியைப் போட்டேன். வீட்டுக்கு வந்தேன். வலி விட்டது, திரும்ப வந்தது. பிறகு வாந்தி. பச்சை நிறத்தில் வாந்தி வந்ததும் என் மனைவி புவனா கார்த் திறப்பை எடுத்தாள்.

"வடை எண்டால் வடையாய்த்தான் வரவேணும். உது வேற என்னவோ. எழும்புங்கோ."

ஸ்காபரோ ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நாங்கள் நெடுநேரம் காத்திருந்தோம். பனியில் சறுக்கி விழுந்து கை முறிந்தவர்கள்தான் அன்றைக்குப் பெரும்பான்மை. எனக்கு முறிந்தது எதுவும் வெளியே தெரியாததால், நோயாளியாக நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளவயதுப் பெண் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். குடலுக்குள் காற்றும் நீரும் ஏணிப்படிபோல அடுக்கடுக்காய் நின்றன.

இளவயதில் யாழ்ப்பாணத்தில் எனக்கு அப்பென்டிக்ஸ் வெட்டியிருந்தார்கள். அந்தப் பழைய காயத்தால் உள்ளே நாரைப்போல ஒட்டுகள் வளரும். எத்தனையோ வருடம் சும்மா கிடக்கும். ஒரு நாள் குடல் அதில் சிக்கி மடிந்துகொள்ளும். தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் மடிந்தால் என்ன ஆகுமோ அதுதான். மேலே உள்ளது கீழே போகாது.

"இரண்டு வழி இருக்கிறது," என்றார் மருத்துவர். "பொறுத்திருந்து பார்க்கலாம். குடல் தானாகத் திறந்துகொள்ளக்கூடும். திறக்காவிட்டால் நான் வெட்டித் திறப்பேன்."

"திறந்தது எப்படித் தெரியும்?"

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். காற்றுப் பிரிய வேண்டும். அதுதான் அறிகுறி. அதற்காகக் காத்திருப்போம். திங்கள் காலைவரை வராவிட்டால் கத்தி.

நான் புவனாவைப் பார்த்தேன். கலியாணமான இத்தனை வருடங்களில் அவள் தடுக்கப் பாடுபட்ட ஒரு காரியம் அது.

அதன் பிறகு குழாய். ஜமைக்காவில் பிறந்த குளோரியா என்ற தாதி கொண்டுவந்தார். மூக்கின் வழியாக விட்டு, தொண்டையால் இறக்கி, இரைப்பைக்குள் வைத்து, அங்கே தேங்கிக் கிடப்பதை இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பது. வாயால் ஒன்றும் எடுக்கக் கூடாது, தண்ணீர்கூட. குளோரியா குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்போது இதைச் செய்யப்போகிறேன். சரியா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். ஒவ்வோர் அங்குலத்துக்கும் "விழுங்கு கண்ணே, விழுங்கு," என்றார். மூக்கின் உள்ளே நெருப்பு. கண்ணால் தண்ணீர். தொண்டைக்குள் ஒரு நண்டு நடந்துபோவதுபோல. ஒருமுறை என் கை தானாக எழுந்து குழாயைப் பிடித்தது. குளோரியா நிறுத்தினார். கையை நானாக எடுக்கும்வரை காத்திருந்தார். பிறகு தொடர்ந்தார்.

இந்தக் காத்திருப்பைப் பிற்பாடு நான் பலதடவை நினைத்துக்கொண்டேன்.

மருத்துவச் செலவை மாகாண அரசு பார்த்துக்கொண்டது. காரை நிறுத்துவதற்கும் கட்டிலுக்கு மேலே தொங்கிய தொலைக்காட்சிக்கும் மட்டும் நாங்கள் கட்டவேண்டும். முதலாவதைத் தவிர்க்க வழியில்லை. இரண்டாவதைப் புவனா வேண்டாமென்றாள். அதனால்தான் மகள் தர்சினி வீட்டுப்பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, எனக்கு ஹிஸ்ட்ரி புரொஜெக்ட் இருக்கு. லவுடா வாசிக்கட்டா? உங்களுக்கும் டைம் போகும், எனக்கும் ஹோம்வேர்க் முடியும்."

"என்ன புரொஜெக்ட்?" என்று கேட்டாள் புவனா. அவள் ஜன்னலோரம் இருந்து, எனக்குத் தரமுடியாத மல்லித்தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கிலண்டில லேடீஸ் வோட் கேட்டுச் சண்டை பிடிச்சது."

இந்த விடயம் எனக்கு ஓரளவு தெரியும். பள்ளிக்கூடத்தில் இங்கிலாந்துச் சரித்திரம் படிப்பித்த ஆசிரியர் அதை ஒரு சிரிப்புக்கதையாகச் சொன்னார். தொப்பி போட்ட பெண்கள் வேலிக்கம்பிகளில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள் என்று. நாங்களும் சிரித்தோம். தர்சினி வாசித்த புத்தகத்தில் சிரிப்புக் குறைவு. பெண்கள் அரை நூற்றாண்டாக மனுக் கொடுத்தார்கள். கூட்டம் கூட்டினார்கள். நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைக்கப்பட்டார்கள். மசோதா வரும், பேசுவார்கள், நேரம் முடிந்துவிடும், அடுத்த வருடம் பார்ப்போம் என்பார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருடங்களில் அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பொறுமை தீர்ந்தது.

"பிறகு கல்லெறிஞ்சவை. ஹாமரைக் கோட்டுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு போய்க் கடைக் கண்ணாடியளை உடைச்சவை. தபால் பெட்டிக்குள்ள நெருப்பு வைச்சவை."

"பொம்பிளையளோ?"

"ஓமம்மா. உங்கட வயசு ஆக்களும்."

புவனா யோசித்தாள். அவள் மார்க்கம் வீதியில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் தொழிற்சாலையொன்றில் பொதி கட்டுகிறவள். எதையும் எங்கே எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்று பார்ப்பது அவளுக்குப் பழக்கம்.

"கடைக்காரன் என்ன பிழை செய்தவன்?"

"அவங்கள் சொல்லுறதைக் கேக்கேல்லத்தானே, சோ..."

"கேக்காதவன் பாராளுமன்றத்தில இருக்கிறான். உடைஞ்சது தொப்பிக்கடை. எங்க நோகுதோ அங்கயெல்லோ தொடவேணும்?"

"அம்மா, அவை கவர்மென்ட் ஜன்னலும் உடைச்சவை."

"அப்ப சரி," என்றாள் புவனா, நாலைந்து ஜன்னல்களுக்கு அனுமதி கொடுத்தவள்போல. "மிச்சத்தை வாசி."

மிச்சம் சிறைச்சாலை. தாங்கள் திருடர்கள் இல்லை, அரசியல் கைதிகள் என்று ஏற்கும்படி கேட்டார்கள். மறுத்தபோது சாப்பாட்டை விட்டார்கள்.

உண்ணாவிரதம் என்ற சொல் வந்ததும் அறையில் சத்தம் குறைந்தது. தர்சினி இங்கே வந்தபோது சின்னப்பிள்ளை. அந்தச் சொல் எங்கள் ஊரில் ஓர் இளைஞனின் சாவில் போய் முடிந்தது என்பது எனக்கும் புவனாவுக்கும் தெரியும். உறிஞ்சும் இயந்திரம் மட்டும் தன்பாட்டில் களகளத்துக்கொண்டிருந்தது.

"சாப்பிடாமல் கிடந்து போராடினால்," என்றாள் புவனா மெதுவாக, "கடைசியில சாகிறது சாப்பிடாத ஆள்தான். மற்றவன் சாப்பிட்டுக்கொண்டுதான் யோசிக்கிறான்."

தர்சினி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். சிறையில் செத்துப்போனால் கெட்ட பெயர் என்று பயந்த அரசு, பெண்களை வார்டர்கள் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க, வைத்தியர் மூக்கினால் இறப்பர்க் குழாய் விட்டு...

"நிப்பாட்டு பிள்ளை," என்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். என் மூக்கில் ஒட்டுப்போட்டு நிறுத்தியிருந்த குழாயை அப்போதுதான் கண்டவள்போலப் பார்த்தாள். "சொறி அப்பா," என்று புத்தகத்தை மூடினாள்.

அதே மூக்கு, அதே வழி, ஏறக்குறைய அதே குழாய். எனக்கு அது கீழேயிருந்து எடுத்தது. அவர்களுக்கு மேலேயிருந்து ஊற்றியது. அது பெரிய வித்தியாசமில்லை என்று அன்றிரவு படுத்துக்கிடந்து யோசித்தேன். என்னிடம் "சரியா?" என்று ஒருவர் கேட்டார். என் கை தடுத்தபோது நின்றார். அவர்களை யாரும் கேட்கவில்லை. வாக்கு என்று அந்தப் பெண்கள் கேட்டதும் அந்தச் "சரியா?" என்ற ஒரு கேள்வியைத்தானோ. நோயில் மனிதனுக்கு இப்படியெல்லாம் தோன்றும். வயிற்றில் ஒன்றுமில்லாததால் தத்துவம் சுலபமாக ஏறுகிறது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ச்சங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஸ்காபரோவில் எங்கள் ஊரவர் நூறு குடும்பத்துக்கு மேல் இருக்கிறார்கள். ஆகவே ஒரு சங்கம் இருக்கிறது. சங்கம் இருப்பதால் ஒரு யாப்பு, அதாவது சட்டவிதிக் கோவை, இருக்கிறது. யாப்பின்படி வீட்டுக்கு ஒரு வாக்கு. அதைப் போடுகிறவர் குடும்பத் தலைவர். அவருக்கு இயலாவிட்டால் வீட்டிலுள்ள வளர்ந்த ஆண் யாராவது போடலாம். ஆணே இல்லாத வீட்டுக்கு வாக்கும் இல்லை. யுத்தம் நடக்கும் நாட்டிலிருந்து வந்தவர்களின் சங்கம் இது. ஆணில்லாத வீடுகள் எங்களிடம் குறைவில்லை.

வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று ஒரு திருத்தம் இரண்டு வருடமாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. எப்போதும் கடைசியில். எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். கூட்டம் வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் காலையில் தொடங்கும். ஆண்கள் மண்டபத்தில் கணக்கறிக்கை கேட்பார்கள். பெண்கள் மண்டபத்தின் பின்னாலுள்ள சமையலறையில் இறைச்சிக்கறி சூடாக்குவார்கள். மதியம் ஆகும்போது கறி மணம் வரும். யாரோ ஒருவர் எழுந்து, "மிச்ச விடயங்களை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்போம்," என்பார். ஏகமனதாக நிறைவேறும். சங்கத்தின் சரித்திரத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

அந்த வருடக் கூட்டம், நான் படுத்திருந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை மாலை சங்கத் தலைவர் பரமலிங்கம் என்னைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். ஊர்ப் பிணம் ஒன்று விழுந்தால் முதல் ஆளாக நிற்பவர். ஒரு கையில் கொடிமுந்திரிகைப் பழம், மற்றக் கையில் ஹோர்லிக்ஸ். வாயால் ஒன்றும் எடுக்கக்கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஏற்கனவே நாலு ஹோர்லிக்ஸ் போத்தல்கள் நின்றன.

"எப்பிடி அண்ணை? காத்துப் போச்சுதோ?"

செய்தி பரவியிருந்தது.

"இன்னும் இல்லை," என்றேன். குழாயோடு கதைக்கும்போது என் குரல் தகரத்தைச் சுரண்டுவதுபோல இருந்தது.

"யோசியாதேங்கோ. உங்கட வாக்கைப் பற்றியும் யோசியாதேங்கோ. குகன் வந்து போடலாம். யாப்பில இடமிருக்கு."

குகன் புவனாவின் தம்பி. அவனை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவள் புவனா. எங்கள் பேஸ்மெண்டில் இருக்கிறான். சங்கத்துக்கு எத்தனை உறுப்பினர் என்றோ, ஏன் என்றோ அவனுக்குத் தெரியாது. கூட்டத்துக்கு அவன் வருவது கறிக்கு.

"எங்கட வீட்டு வாக்கை நான் வந்து போடுறன்," என்றாள் புவனா.

பரமலிங்கம் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார். "தங்கச்சி, எனக்கு ஒண்டுமில்லை. யாப்பில அதுக்கு இடமில்லை."

"குகனுக்கு இடமிருக்கோ?"

"அவர் ஆம்பிளைப்பிள்ளை எல்லோ."

"அண்ணை, அவன் பேஸ்மெண்டில இருக்கிறான். நான் மேல இருக்கிறன். வீட்டுக் கடனும் நான் கட்டுறன். இலங்கையில என்ர அம்மா வாக்குப் போட்டவ. நான் போட்டனான். போன எலெக்சனில கனடாவிலயும் போட்டனான். இந்த உலகத்தில நான் வாக்குப் போடேலாத இடம் உங்கட சங்கம் ஒண்டுதான்."

அவள் சொன்னது சரித்திரப்படியும் சரி. இங்கிலாந்தில் ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கு வாக்குக் கிடைத்தது 1928இல். அதற்கு முதல் 1918இல் கிடைத்தது முப்பது வயது கடந்த, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு மட்டும். எங்கள் தீவில் 1931இல் எல்லோருக்கும் வந்துவிட்டது. கல்லெறிந்தவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் மூன்றே வருடம். ஸ்காபரோ மட்டும் கொஞ்சம் பிந்திவிட்டது.

"அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ," என்று பரமலிங்கம் என்னைப் பார்த்தார்.

"இவ போடுவா," என்றேன். தகரச் சுரண்டல்தான். ஆனாலும் கேட்டது.

"நோயில இருக்கிறியள். ஓய்வெடுங்கோ," என்று சொல்லி அவர் என் பாதத்தைத் தடவிவிட்டுப் போனார். நோயாளி சொல்வது எதுவும் யாப்பில் ஏறாது என்று அந்தத் தடவலில் தெரிந்தது.

அவர் போனபின் புவனா மகள் விட்டுப்போன புத்தகத்தை எடுத்துப் படங்களைப் பார்த்தாள். வேலிக்கம்பியில் சங்கிலி கட்டிய பெண்ணின் படத்தில் நின்றாள்.

"சங்கிலி நல்ல யோசினை," என்றாள். "கட்டின இடம்தான் பிழை."

சனிக்கிழமை என்னை விட்டுச் சிரிப்புப் போய்விட்டது. வயிறு மத்தளம்போல வீங்கி இருந்தது. மருத்துவர் வந்து தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், குறித்துக்கொண்டார். இரண்டாவது எக்ஸ்ரேயிலும் அதே ஏணிப்படி. குடலின் ஒரு பகுதி இரத்தமில்லாமல் அழுகத் தொடங்கினால் உயிருக்கு ஆபத்து என்பதை அவர் எளிய ஆங்கிலத்தில் விளக்கினார். எளிமையாகச் சொன்னதால் அதிகம் பயமாக இருந்தது. பகிடி எழுதுகிறவன் பயப்படும்போது அவனுக்கு ஒரு மேலதிகக் கஷ்டம் உண்டு. எல்லோரும் அவன் அடுத்து ஏதோ சொல்லப்போகிறான் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்குப் புவனா என் நாக்கில் ஈரப்பஞ்சு ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீர் போகவேண்டாம்," என்றேன். "இஞ்சை இரும்."

அவள் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்தாள். "நில்லும் எண்டால் நிப்பன்," என்றாள். "பயமாய்க் கிடக்கோ?"

"ஓம்."

"எனக்கும்தான்."

அவள் நின்றிருப்பாள். அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. அவள் போகலாமா என்பது என் ஒரு தலையசைப்பில் இருந்தது. இந்த அதிகாரத்தை எனக்கு யார் தந்தார்கள் என்று யோசித்தேன். எந்த யாப்பிலும் எழுதியிருக்கவில்லை.

"தர்சினி என்னோட இருக்கட்டும். நீர் போட்டு வாரும்," என்றேன்.

ஞாயிறு நடந்ததை நான் நேரில் காணவில்லை. அன்று மாலை புவனா சொன்னதையும், குகன் அடுத்த நாள் தயங்கித் தயங்கிச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

காலையில் பதிவு மேசையில் புவனா எங்கள் வீட்டு வாக்கைக் கேட்டாள். இல்லையென்றார்கள். அவள் வாதாடவில்லை. சமையலறைக்குப் போனாள். அங்கே அவளைப்போல இருபது பெண்கள். கறிச்சட்டிகள், புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயாசம் எல்லாம் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, குகனின் சைக்கிள் சங்கிலியைக் கைபிடிகளில் சுற்றிப் பூட்டுப் போட்டார்கள். கண்ணாடி எதையும் உடைக்கவில்லை. யாரும் பட்டினி கிடக்கவில்லை. திருத்தம் வாக்குக்கு விடப்பட்ட பின்னர்தான் கதவு திறக்கும் என்று, உணவு பரிமாறும் சின்ன யன்னலால் அறிவித்தார்கள். அந்த யன்னலையும் சாத்தினார்கள்.

மணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க அவர்கள் முயலவில்லை.

பரமலிங்கம் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினார். "தங்கச்சிமார், பிள்ளையளுக்குப் பசிக்குது."

"பிள்ளையள் இஞ்ச உள்ளுக்கை நிண்டு சாப்பிடுதுகள் அண்ணை. நீங்கள் கூட்டத்தை நடத்துங்கோ."

பிறகு பள்ளிக்கூடத்துப் பராமரிப்பாளர் வந்தார். வயதான இத்தாலிக்காரர். உள்ளே ஆட்கள் இருக்கும்போது கதவைப் பூட்டுவது தீயணைப்புச் சட்டத்துக்கு மாறு என்றார். அது நியாயமென்று பெண்களுக்குப் பட்டது. சங்கிலியைக் கழற்றிவிட்டு, கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு வரிசையாக இருந்துகொண்டார்கள். கதிரையில் இருப்பதற்கு எதிராகச் சட்டமில்லை. பராமரிப்பாளருக்கு ஒரு தட்டில் புட்டும் கறியும் கொடுத்தார்கள். அவர் அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

இங்கிலாந்துப் பெண்கள் தாங்கள் பட்டினி கிடந்தார்கள். ஸ்காபரோப் பெண்கள் வாக்குள்ளவர்களைப் பட்டினி போட்டார்கள். ஒரு சின்னத் திருத்தம்தான்.

ஏறக்குறைய அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தர்சினி கதிரையில் தூங்கிவிட்டாள். வயிற்றுக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு கதவு மெதுவாகக் கிரீச்சிட்டது. ஒரு உருளல். ஒரு நகர்வு. பிறகு, நண்பரே, நாகரிகமாக எழுத நான் பட்ட பாடெல்லாம் வீணாகும்படி, அது நடந்தது. நீண்டது, தெளிவானது, சந்தேகத்துக்கு இடமில்லாதது. தர்சினி திடுக்கிட்டு எழுந்தாள்.

"அப்பா, வாஸ் தட்..."

"ஓம் பிள்ளை."

அவள் அழுதாள். தன் தகப்பனின் காற்றுக்காக அழுத பிள்ளையைப் பெற்றவன் நான். குளோரியா ஓடி வந்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த கட்டில்காரர், என்னோடு அதுவரை பேசாத ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவர், திரைக்குப் பின்னாலிருந்து, "நல்ல காரியம், ஐயா," என்றார்.

மாலையில் புவனா வந்தாள். கோட்டில் பனி, தலைமயிரில் கறி மணம். தர்சினி தொலைபேசியில் ஏற்கனவே சொல்லிவிட்டதால் நேரே வந்து என் வயிற்றில் கையை வைத்தாள். அது தட்டையாகியிருந்தது. சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"அங்கை என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"தோத்துப்போனம்." கதிரையில் விழுந்தாள். "கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தினம். பிறகு எல்லாரும் எழும்பி அஜின்கோர்ட்டில கொத்துரொட்டி தின்னப் போயிட்டினம். கூட்டத்துக்கு ஆள் காணாதெண்டு ஒத்திவைச்சாச்சு. ஆக்களை ஏத்திக்கொண்டு போன வானை ஆர் ஓடினது தெரியுமோ? உவன் குகன்."

"உம்முடைய தம்பி."

"இண்டைக்கு இரவு அவனுக்கு வீட்டில சோறில்லை."

நான் சிரித்தேன். குழாய் மூக்கில் இழுத்தது. எனக்கு அவளைத் தேற்றவேண்டும்போல இருந்தது. "பாத்தீரே, பொறுத்திருந்தால் தானாய்த் திறக்கும். டொக்டர் சொன்னதுமாதிரி. வெட்டத் தேவை வரேல்லை."

அவள் என்னையும், கட்டிலோரம் தொங்கிய இயந்திரத்தையும், அதில் நாலு நாளாக நிரம்பி நிரம்பி மாற்றிய பச்சைத் தண்ணீரையும் பார்த்தாள்.

"நீங்கள் பொறுத்துத்தான் இருந்தனியள்," என்றாள். "உது பொறுத்திருக்கேல்லை. இரவு பகலாய் இழுத்துக்கொண்டெல்லோ இருந்தது."

கல்லெறிந்தவர்களால் வாக்கு வந்ததா, மனுக் கொடுத்தவர்களால் வந்ததா, யுத்தத்தால் வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருத்தியிடம் அவர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

"பரமலிங்கம் அண்ணை போகேக்க ஒண்டு சொன்னவர்," என்று அவள் தொடர்ந்தாள். "அடுத்த முறை எங்களைச் சமைக்க விடமாட்டினமாம். கடையில ஓடர் குடுக்கினமாம்."

"அப்ப உங்கட ஆயுதமும் போச்சு."

"ஓமோம்," என்றாள். சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினாள். களைத்த முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "சமையல் இல்லையெண்டால் நாங்கள் குசினியில என்ன செய்யிறது? முன்வரிசையில வந்து இருக்கவேண்டியதுதான்."

செவ்வாய்க்கிழமை குழாயை எடுத்தார்கள். குளோரியா அப்போதும் "சரியா?" என்று கேட்டார். முதலில் ஐஸ் துண்டு, பிறகு ஜெலி, பிறகு கஞ்சி. வீட்டுக்கு விடும்போது, வயிறு திரும்ப வீங்கினால் உடனே வரவேண்டும் என்று சொன்னார்கள். இங்கிலாந்தில் அந்தப் பெண்களைப் பட்டினியில் மெலிந்ததும் வெளியே விட்டு, உடம்பு தேறியதும் திரும்பப் பிடித்து அடைக்க ஒரு சட்டம் போட்டார்கள். பூனை எலிச் சட்டம் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. என் குடலோடு எனக்கு இப்போது அப்படி ஓர் ஏற்பாடு. நண்பரே, பயப்படாதீர்கள், எலிக்கும் இடையிடையே நல்ல நாட்கள் உண்டு.

ஒத்திவைத்த கூட்டம் ஜூனில் நடந்தது. அதே மண்டபம். அஜின்கோர்ட் கடையிலிருந்து அலுமினியத் தட்டுகளில் சாப்பாடு வந்து பின்மேசையில் மூடிக்கிடந்தது. ஆண்கள் வழக்கம்போலப் பிந்தி வந்தார்கள். வந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். முன்வரிசை, அதற்கடுத்த வரிசை, அதற்கடுத்ததும் பெண்கள். சேலை மடிப்புக் குலையாமல், கைப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு, கணக்கறிக்கையைக் கவனமாகக் கேட்டார்கள். மண்டப வாடகை ஏன் கூடியது என்று ஒரு பெண் கேட்டபோது பொருளாளர் தண்ணீர் குடித்தார். மதியம் வந்தது. ஒருவர் எழுந்து ஒத்திவைப்பதைப் பற்றி ஏதோ தொடங்கினார். மூன்று வரிசைகளும் ஒரேயடியாகத் திரும்பி அவரைப் பார்த்தன. அவர் இருந்துகொண்டார்.

பரமலிங்கம் கடைசி விடயமான அந்தத் திருத்தத்தை வாசித்தார். குரலைச் செருமிக்கொண்டார். "ஆதரிக்கிறவர்களில் வாக்குரிமை உள்ளவர்கள் மட்டும் கை உயர்த்தலாம்."

சில ஆண்களின் கைகள் உயர்ந்தன. நான் என் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்துகொண்டேன். முன்வரிசையில் புவனா கையை உயர்த்தினாள். பொதி கட்டித் தடித்த விரல்கள், நேராக.

"அண்ணை," என்று பரமலிங்கம் மேடையிலிருந்து என்னைக் கேட்டார், "நீங்கள் கை தூக்கேல்லையோ?"

"யாப்புப்படி வீட்டுக்கு ஒரு கை," என்றேன். "எங்கட வீட்டுக் கை முன்னால நிக்குது."

எனக்குப் பக்கத்தில் ஒருவர் தன் கையை இறக்கி மடியில் வைத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். முன்வரிசைகளில் அவர்களுடைய மனைவிமாரின் கைகள் எழுந்தன. ஆணில்லாத வீட்டுப் பெண்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவர்களுடைய கைகள் ஏற்கனவே மேலே நின்றன. செயலாளர் பேனையை நீட்டிக் கைகளை எண்ணிக்கொண்டு வந்தார். புவனாவின் கையருகே பேனை நின்றது. அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் பின்மேசையில் ஆறிக்கொண்டிருந்த சாப்பாட்டைப் பார்த்தார்.

புவனா கையை இறக்கவில்லை.

செயலாளர் அந்தக் கையை எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போனார்.